காயும் இடம் பார்த்து மரம்: சமையல் மேடையும் அலமாரியும் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் சமையல் மேடைக்கு என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிரானைட் என்றுதான் பதில் வரும். கிருஷ்ணகிரி, மதுரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து நல்ல கல் கிடைக்கிறது. ஆந்திரத்திலிருந்து கடப்பா கல்லும் வருகிறது. போட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலையில்லை. ஆனாலும் அண்மைக் காலமாக, மேடையின் ஒரு பகுதியாவது மரமாக இருக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்திருக்கிறது. மாவு பிசைய, காய் நறுக்க, கைக்கு இதமாக இருக்கிறது. பாத்திரம் வைத்தால் 'டங்' என்று ஒலிப்பதில்லை. கண்ணாடி டம்ளர் கைதவறி விழுந்தாலும் பல நேரம் தப்பிவிடுகிறது. அலமாரி விஷயத்தில் மரம் நம்மை விட்டுப் போகவே இல்லை. ப்ளைவுட், துகள் பலகை என்று வடிவம் மாறி, மாடுலர் கிச்சன் என்ற பெயரில் வீட்டுக்குள் இருக்கிறது.

ஆசையோடு விசாரிக்கப் போனால் இரண்டு நேர்மாறான பதில்கள் கிடைக்கும். "தண்ணி பட்டா ஊறிடும், வேண்டாம்" என்பார் ஆசாரி. "பாலிஷ் போட்டுட்டா ஒண்ணும் ஆகாது" என்பார் கடைக்காரர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மரத்தின் இயல்பு, நம் ஊர்க் காற்று, பலகையைப் பொருத்தும் முறை, பூச்சு, சுத்தம், சேமிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், விடை ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: நனைந்த மரம் காய்வதற்கு வழி இருக்கிறதா? எந்த மரம், எந்த பாலிஷ், எந்தக் கம்பெனி என்பனவெல்லாம் அதற்கு அடுத்து வரும் கேள்விகள்.

மரம் அசையும்

அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிலைத்திருந்தால் பலகைக்குள் சுமார் 12 சதவீத ஈரம் தங்கும். 80 சதவீதமானால் அது 16 சதவீதம் வரை ஏறும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கோடைப் பிற்பகலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம்.

இந்த ஈரத்தால் பலகையின் நீளம் அநேகமாக மாறுவதில்லை. அகலம்தான் மாறுகிறது. அசைவு குறைவு என்று பெயரெடுத்த தேக்கிலேயே, 60 செ.மீ. அகலப் பலகை 4 சதவீத ஈர மாற்றத்துக்கு 2 முதல் 5 மி.மீ. வரை விரிந்து சுருங்கும். அறுத்த திசையைப் பொறுத்து இந்த அளவு கூடும், குறையும். சித்திரையில் இரண்டு சுவருக்கு நடுவே இறுக்கிப் பொருத்திய பலகை கார்த்திகையில் எழும்பி நிற்பதற்கும், மழைக்காலத்தில் பொருத்தியது பங்குனியில் வெடிப்பதற்கும் காரணம் இதுதான்.

ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்குக் காற்றின் ஈரம் மட்டும் போதாது. பலகைக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரம் மக்காது என்பதே மரத்தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. அந்த எல்லையைத் தாண்ட வைப்பது தேங்கும் நீர்: சிங்க் ஓரத்துக் குட்டை, அடிப்பக்கம் நனைந்த குடம், மேடையிலேயே கிடக்கும் ஈரக் கைப்பிடித்துணி, காற்றுப் புகாத அலமாரியின் பின்சுவர். ஒருமுறை நனைந்து அரைமணியில் காயும் பலகை பல ஆண்டு இருக்கும். எப்போதும் ஈரம் கசியும் மூலையில் மிக உயர்ந்த மரமும் தாங்காது.

மேடை முழுதும் ஒரே பொருள் எதற்கு?

நம் சமையல் மேடையில் நடக்கும் வேலைகளைக் கவனித்தால் அது தானாகவே மூன்றாகப் பிரிகிறது. முதலாவது நீர்ப்பகுதி: சிங்க், பாத்திரம் கவிழ்க்கும் இடம், மாவரைக்கும் கிரைண்டர். இட்லி மாவு அரைக்கிற வீட்டில் கிரைண்டரைச் சுற்றி வாரத்தில் இரண்டு நாளாவது தண்ணீரும் மாவும் சிந்தாமல் இருக்காது. இரண்டாவது நெருப்புப்பகுதி: அடுப்பும் அதன் இரு பக்கமும், சூடான குக்கரையும் எண்ணெய்ச் சட்டியையும் இறக்கி வைக்கும் இடம். மூன்றாவது உலர்பகுதி: காய் நறுக்க, சப்பாத்தி திரட்ட, தட்டில் பரிமாற உதவும் இடம்.

நீர்ப்பகுதிக்கும் நெருப்புப்பகுதிக்கும் கல்லே பொருத்தம். கேஸ் அடுப்பின் கீழே எரியாத பொருள்தான் இருக்க வேண்டும் என்பது அழகோடு பேரம் பேசக்கூடிய விஷயமில்லை. மரத்துக்கு உரிய இடம் உலர்பகுதி. சிங்க்கிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி, 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம், 4 செ.மீ. கனத்தில் ஒரு பலகை போட்டால் நாள்முழுதும் கைபடும் இடம் மரமாகிவிடும். தேவைப்படும் மரமும் குறைவு. முடித்த பலகை ஒரு கன அடிகூட வராது. சேதாரம் சேர்த்தால் சற்று மேலே போகலாம். பத்தடி மேடை முழுவதையும் மலிவு மரத்தில் போடுவதைவிட, இந்த மூன்றடியை நல்ல மரத்தில் போடுவது எல்லா வகையிலும் மேல்.

பகுதி பிரிப்பதில் இன்னொரு லாபம் உயரம். நின்று நறுக்குவதற்கு முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்ந்த மேடை வசதி. அழுத்திப் பிசைவதற்கு அதைவிடவும் தாழ்வாக இருந்தால் தோள் வலிக்காது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அவர்களுக்கு வழக்கமான 86 செ.மீ. மேடையே உச்ச வரம்புதான். மரப்பலகையைத் தனித் துண்டாகப் போடும்போது அதை மட்டும் ஒரு கை இறக்கி அமைத்துக்கொள்ளலாம். அந்தச் சமையலறையில் அதிகம் நிற்கப்போகிறவரை நிற்க வைத்து அளந்துவிட்டுத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

எந்த மரம்?

தேக்கு முதலில் வருவதற்குக் காரணம் அதன் பெயர் மட்டுமல்ல. இயற்கையான எண்ணெய்ப் பசை, குறைந்த அசைவு, கரையானைத் தாங்கும் வைரம் என மூன்றும் ஒரே மரத்தில் அமைவது அரிது. ஆனால் கடையில் தேக்கு என்று விற்கப்படுவதெல்லாம் ஒன்றல்ல. இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வைரம் குறைவு. அதைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதி அதிகம். அந்த வெளுத்த பகுதிக்குத் தேக்கின் எந்தச் சிறப்பும் கிடையாது. அது உளுக்கும், கரையானும் தின்னும். ஆகவே மேடைப் பலகைக்கு முழுக்க வைரமாக இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது ஊர்ப்பெயர் கேட்டு எடுப்பதைவிட முக்கியம்.

பலாவை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. தஞ்சாவூர் வீணைக்கு அந்த மரத்தைத் தேர்ந்தவர்கள் அதன் நிலைத்தன்மையை அறிந்தவர்கள். மஞ்சளாகத் தொடங்கி நாளாக நாளாகச் செம்பழுப்பாக மாறும் அதன் நிறம் சமையலறைக்கு அழகு சேர்க்கும். கரையானையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். வேம்பும் பூவரசும் வாகையும் சொந்தத் தோட்டத்தில் விழுந்த மரமாகக் கிடைத்தால் பயன்படுத்தத் தக்கவை. நன்கு காய்ந்திருக்கிறதா என்பதே அங்கு நிபந்தனை. மாமரம் விலை குறைவுதான். ஆனால் பூஞ்சையும் வண்டும் எளிதில் பிடிக்கும்; மேடைக்கு ஆகாது.

ரப்பர் மரம் தனியே பேசத்தக்கது. பால் வற்றிய பிறகு வெட்டப்படும் மரத்தைக் குமரியிலும் கேரளத்திலும் சிறு துண்டுகளாக அறுத்து, விரல்கோத்தது போல் இணைத்துப் பலகையாக்குகிறார்கள். வெளிர் நிறம், சீரான இழை, தாங்கக்கூடிய விலை. ஆனால் இந்த மரத்துக்கு இயற்கைப் பாதுகாப்பு ஏதுமில்லை. போரான் உப்புகளில் பதப்படுத்தியதைத்தான் வாங்க வேண்டும். அந்த உப்பு நீரில் கரையக்கூடியது என்பதால் உலர்பகுதி தவிர வேறெங்கும் வைக்கக் கூடாது. உணவை நேராக அதன்மேல் வைத்து நறுக்காமல் தனி வெட்டுப்பலகை பயன்படுத்துவதே முறை.

எந்த மரமானாலும் வாங்கும் முன் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். 12 சதவீதத்தை ஒட்டிய ஈரம் கடலோரத்துக்கும் சரி, கொங்குநாட்டுக்கும் சரி, நல்ல தொடக்கம். பலகையை வாங்கியதும் அறுக்காமல், அது வாழப்போகும் வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் இடைக்கட்டை வைத்து அடுக்கிக் காற்றாட விட்டால், பிறகு வரும் கோணல் பெரும்பாலும் முன்பே வந்து தீர்ந்துவிடும்.

கட்டும் விதமும் பொருத்தும் விதமும்

மேடைப் பலகையை மூன்று விதமாகக் கட்டலாம். அகலப் பலகைகளைப் படுக்கையாக ஒட்டுவது ஒன்று. பார்க்க அழகு, ஆனால் அசைவு அதிகம். 4, 5 செ.மீ. பட்டைகளைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டுவது இரண்டாவது. ஒவ்வொரு பட்டையும் மற்றதைப் பிடித்துக்கொள்வதால் நிலைத்து நிற்கும். வீட்டு மேடைக்கு இதுவே சிறந்தது. மரத்தின் குறுக்கு வெட்டு முகம் மேலே வரும்படி கட்டைகளை நிறுத்துவது மூன்றாவது. நம் கறிக்கடைகளில் புளியமரத்தை உருளையாக அறுத்து நிறுத்தியிருப்பது இந்த முறைதான். கட்டி நிறுத்திய துடைப்பக் குச்சிகளுக்கு நடுவே கத்தி இறங்கி வெளியே வருவது போல, இழைகள் விலகிக் கொடுத்துப் பிறகு மூடிக்கொள்கின்றன. கத்தி மழுங்குவதில்லை, கட்டையும் நாள்பட உழைக்கிறது. ஆனால் அந்த முகம் தண்ணீரை மற்ற முகங்களைவிட மிக வேகமாக உறிஞ்சும். வெட்டுக் கட்டைக்குத்தான் அது சரி, மேடைக்கு வேண்டாம்.

தேக்கை ஒட்டும்போது, ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, தின்னர் தொட்டுத் துடைத்து, உடனே பசை இட வேண்டும். இல்லையென்றால் அதன் எண்ணெய்ப் பசை பிடிப்பைக் கெடுக்கும். தச்சர்கள் அறிந்த இந்தச் சின்ன வேலையை அவசரத்தில் விடுவதால்தான் பல தேக்குப் பலகைகள் ஒட்டிலேயே பிளக்கின்றன.

பொருத்துவதில் மூன்று விதிகள் போதும். பலகையை அடிச்சட்டத்தோடு ஒட்டிவிடக் கூடாது. நீள்துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். சுவரை ஒட்டி 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விட்டு அதன்மேல் பட்டி அடிக்க வேண்டும். மேல்முகத்துக்கு எத்தனை கோட்டிங் கொடுக்கிறோமோ அத்தனை கோட்டிங் அடிமுகத்துக்கும் கொடுக்க வேண்டும். ஒரு முகம் மட்டும் ஈரம் வாங்கினால் பலகை வளையும். சிங்க் அருகே மரம் வந்தே தீர வேண்டுமென்றால், முன்விளிம்பின் அடியில் ஒரு சிறு பள்ளம் இழைத்துவிட்டால் வழியும் நீர் அலமாரிக் கதவுக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

எடை பற்றிய பயம் வேண்டாம். மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனமுள்ள தேக்குப் பலகை சுமார் 15, 16 கிலோ. அதே பரப்புக்கு 2 செ.மீ. கிரானைட் அதைப் போல இரு மடங்கு. கல் தாங்கும் சட்டம் மரத்தையும் தாங்கும்.

பூச்சு

பூச்சுகள் இரண்டு குடும்பம். மரத்தின் மேல் படலமாக நிற்பவை ஒன்று: பாலியூரிதேன், மெலமைன் பாலிஷ். மரத்துக்குள் இறங்குபவை மற்றொன்று: எண்ணெயும் மெழுகும். படலம் முழுதாக இருக்கும்வரை நன்றாகவே காக்கும். ஆனால் கத்தி கீறிய இடத்தில் நீர் உள்ளே இறங்கினால், மேலே இருக்கும் படலமே அது வெளியேறாமல் தடுத்துவிடும். பிறகு பலகை கருத்து, படலம் உரியும்; முழுவதையும் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சு குறைவாகத் தடுக்கும், ஆனால் மரத்தைக் காய விடும். கெட்ட இடத்தை மட்டும் உப்புத்தாள் தேய்த்து மறுபடி எண்ணெய் விட்டால் போதும். கைபடும் மேடைக்கு எண்ணெயையும், கத்தி படாத அலமாரிக் கதவுக்குப் படலத்தையும் தேர்வது பொருத்தம்.

எந்த எண்ணெய் என்பதில் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் கெட்டிப்படுவதில்லை. பிசுக்காக நின்று சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டிப்படும் இயல்புடையது. பெயின்ட் கடையில் விற்கும் டபுள் பாயில்டு வகையில் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும் என்பதால் உணவு படும் பலகைக்கு அது வேண்டாம்; கலப்பில்லாததை மெல்லியதாகத் தடவி, சில வாரம் பொறுத்தால் நன்கு இறுகும். தடவிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோதான் எறிய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினோடு தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் வெட்டுப்பலகைக்கு எளிய பூச்சு. அது கெட்டிப்படாது, ஆனால் கெட்டும் போகாது. மாதம் ஒருமுறை தடவினால் போதும்.

கறைகளில் இரண்டு நம் சமையலுக்கே உரியவை. மஞ்சள் கறையைத் தேய்த்து மரத்தைப் புண்ணாக்க வேண்டாம்; வெயில் பட்டால் அந்த நிறம் வெளுத்துவிடும். ஈரமான இரும்புக் கடாயையோ தோசைக்கல்லையோ தேக்கின் மேல் வைத்தால் கருவளையம் விழும். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. கடாயைத் துடைத்துக் கல்லின் மேல் வைக்கும் பழக்கமே அதற்கு மருந்து.

மரம் சுத்தமானதா?

மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் சக ஆய்வாளர்களும் வெட்டுப்பலகைகளில் பாக்டீரியாவை இட்டுச் சோதித்தார்கள். மரத்தின் மேல் இட்டவை உள்ளே உறிஞ்சப்பட்டு, பெருகாமல், காலப்போக்கில் மடிந்தன. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகைகளைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது. இதை வைத்து மரத்தைக் கழுவவே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. கறிக்கும் மீனுக்கும் தனிப் பலகை வைத்து, சோப்பு நீரில் கழுவி, இரண்டு பக்கமும் காற்றுப்பட நிறுத்திக் காயவைக்க வேண்டும். சுத்தத்திலும் கடைசியில் காய்வதே கணக்கு.

சேமிப்பு: பழைய ஏற்பாடுகள் சொல்வது

நம் பழைய வீடுகளின் சேமிப்பு முறைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒரு பொது அறிவு தெரிகிறது. நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும். பால் தயிருக்கு உறி. அன்றாட மசாலாவுக்கு அஞ்சறைப் பெட்டி. எப்போதோ எடுக்கும் அண்டா குண்டானுக்குப் பரண். சமைத்த உணவுக்குக் கம்பிவலைக் கதவு போட்ட அலமாரி, எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். எதுவும் தரையில் ஒட்டி, சுவரில் ஒட்டி, காற்றில்லாமல் அடைபட்டிருக்கவில்லை. எவ்வளவு அடிக்கடி எடுப்போம் என்பதைப் பொறுத்தே பொருளின் உயரம் அமைந்தது.

நவீன சமையலறைக்கு முன்னோடியான பிராங்க்பர்ட் சமையலறையிலும் இதே அறிவைக் காணலாம். 1926இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் பிராங்க்பர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அதை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் என்ற சிறு அறைக்குள், மாவு வைக்கப் புழு அண்டாத ஓக் மரப்பெட்டி, நறுக்குமிடத்துக்குப் பீச் மரம், பருப்பு, அரிசி, சர்க்கரைக்குக் கைப்பிடியோடு கூடிய அலுமினிய இழுப்பறைகள் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள். எல்லா இடத்துக்கும் ஒரே பலகை என்ற இன்றைய வழக்கத்தைவிட அது எவ்வளவோ தெளிவானது.

அலமாரியின் உடல்

இன்றைய அலமாரிகளில் பெரும்பாலானவை ப்ளைவுட், எம்.டி.எஃப்., துகள் பலகை. துகள் பலகை ஒருமுறை நீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது; சமையலறையின் கீழ் அலமாரிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. ப்ளைவுட்டில் இந்தியத் தர அடையாளம் ஐ.எஸ். 710 பெற்ற மரைன் வகை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியாமலிருக்கும்படி சோதிக்கப்படுகிறது. எம்.ஆர். என்று விற்கப்படுவது காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும், சமையலறைக்குப் போதாது. மலிவான பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 2004இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. ஆகவே கசிவு குறைந்த வகையைக் கேட்டு வாங்குவதும், வேலை முடிந்தபின் சில வாரம் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் அவசியம். பலகை எவ்வளவு உயர்ந்ததானாலும் அறுத்த விளிம்பு மூடப்படாவிட்டால் நீர் அங்கிருந்துதான் ஏறும். சன்மைக்கா ஒட்டாத பின்விளிம்புகளையும் குழாய் போகும் துளைகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

என் பார்வையில் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு மிகப் பொருத்தமானது நம் கொத்தனார்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் கலப்பு முறை. உட்தட்டுகளும் நடுச்சுவர்களும் கடப்பா கல்லில். கதவும் சட்டமும் மட்டும் மரத்தில். கல்லுக்குக் கரையானும் இல்லை, உப்பலும் இல்லை. மரக்கதவு இருபுறமும் காற்றுப் படும் இடத்தில் நிற்கிறது. கதவை ஒரே பலகையாக இல்லாமல், சட்டத்தின் காடிக்குள் நடுப்பலகையை ஒட்டாமல் நிறுத்தும் பழைய முறையில் செய்தால், மழைக்காலத்தில் அது இறுகி மாட்டிக்கொள்ளாது. கீழ் அலமாரிக் கதவில் வலையோ சாய்பட்டையோ வைத்தால் உள்ளே ஈர வாடை தங்காது. சிங்க்கின் கீழே மரமே வேண்டாம். அங்கே கல் தட்டும் அலுமினியச் சட்டமும் போதும்.

அளவும் பளுவும்

அன்றாடம் எடுப்பது முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். குனிந்து எடுக்கும் தட்டைவிட இழுப்பறை நல்லது. பின்னால் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். இழுப்பறைத் தண்டவாளங்கள் வகைக்கேற்ப 30 முதல் 50 கிலோ வரை தாங்குகின்றன. 25 கிலோ அரிசி மூட்டையோடு பருப்பு டப்பாக்களையும் ஒரே இழுப்பறையில் திணித்தால் எல்லையை எட்டிவிடும். அரிசிக்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த தனி இடமே சரி.

தட்டுகளின் நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே சீராகப் பளு ஏற்றிய தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் தொய்வு 16 மடங்காகும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். பித்தளைப் பாத்திரமும் எவர்சில்வர் டப்பாவும் அடுக்கும் 18 மி.மீ. தட்டு இரண்டரை அடிக்கு மேல் தாங்கலின்றி ஓடக் கூடாது. மசாலா டப்பாக்களை அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் கைக்கு எட்டும். ஆனால் ஆவியிலும் சூட்டிலும் மணம் போய்விடும். ஓரடி பக்கவாட்டில் நகர்த்தினாலே போதும்.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் சலுகைக்கு இடமில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் இருக்கும் அறைக்கதவில் காற்றுத்துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும். மேலே வைத்த துளையால் பயனில்லை. 14.2 கிலோ சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அந்த அறைக்குள் மின்சுவிட்ச் எதுவும் வரக் கூடாது.

கரையான் மண்ணிலிருந்து சுவர் வெடிப்பு வழியாக வருவது. அலமாரியின் கால்களை 10 செ.மீ. உயர்த்தி, கழற்றக்கூடிய அடிப்பட்டி வைத்து, சில மாதங்களுக்கொரு முறை டார்ச் அடித்து மண்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது, எந்த மருந்தையும்விட நம்பகமான காவல்.

எங்கே தொடங்குவது?

இவற்றையெல்லாம் தொகுத்தால் செலவின் வரிசை தெளிவாகிறது. முதல் பணம் காற்றுக்கும் வடிகாலுக்கும்: ஜன்னல், புகைபோக்கி, சிங்க்கைச் சுற்றிய கல், கசியாத குழாய். அடுத்த பணம் தினமும் அசையும் பாகங்களுக்கு: கீல், தண்டவாளம், கைப்பிடி. மூன்றாவதாகத்தான் மரம், அதுவும் உலர்பகுதியில் மூன்றடிப் பலகையும் கதவுச் சட்டங்களும். இந்த வரிசையில் செய்தால் தேக்கு வாங்க முடியாதவர் பலாவில் செய்யலாம், பலா கிடைக்காதவர் பதப்படுத்திய ரப்பர் மரத்தில் செய்யலாம், மூன்றும் நிலைக்கும். வரிசையைத் தலைகீழாக்கி, அடைபட்ட ஈர அறைக்குள் பர்மா தேக்கைக் கொண்டுவந்து போட்டாலும் வீண்தான்.

ஆகவே ஆசாரியிடம் போகும்முன் ஒரு மழைநாளில் நம் சமையலறையில் நின்று, எந்த இடம் நனைகிறது, எது எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்துச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். மரக்கடையில் கேட்க வேண்டிய அளவையும், ஆசாரியிடம் சொல்ல வேண்டிய வேலையையும் அந்தக் கோடுகளே முடிவு செய்துவிடும்.